எலுமிச்சை ஜூஸ்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பிழிந்தவுடன் நன்றாக இருக்கும் எலுமிச்சை ஜூஸ், ஒரு மணி நேரத்தில் கசந்துவிடுகிறது. சர்க்கரையைக் கூட்டியும் போகவில்லை. ஏன்?

பதில்: பழத்துக்குள் இருக்கும்போது கசக்காத ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல 'லிமோனின்' என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. அதனால்தான் முதல் வாயில் தெரியாத கசப்பு பிறகு தெரிகிறது. இது விதையிலும், தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியிலும் அதிகம். ஆகவே கடைசிச் சொட்டு வரை பழத்தை நசுக்காதீர்கள். விதையோடு மிக்ஸியில் போடவே கூடாது. பிழிந்த கையோடு வடிகட்டிவிடுங்கள். வடிகட்டியில் தங்கும் சக்கையைக் கரண்டியால் அழுத்த வேண்டாம்.

பழம் குளிர்ந்திருந்தால் சாறு இறங்காது, கை தானாக அழுத்தும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு, உள்ளங்கையால் உருட்டிவிட்டுப் பிழிந்தால் அந்தச் சிரமம் இல்லை. லேசாகக் கசந்துவிட்ட ஜூஸுக்குச் சர்க்கரையைவிட ஒரு சிட்டிகை உப்பு நல்லது. நாக்கில் கசப்பை அது அடக்கும். முற்றிக் கசந்ததை மீட்க வழியில்லை.

கேள்வி: நான்கு பேருக்குச் சரியான அளவு என்ன? சர்க்கரை அடியிலேயே தங்கிவிடுகிறது.

பதில்: பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளந்துகொள்ளுங்கள். ஒரு பழத்தில் 20 மில்லியும் வரும், 45 மில்லியும் வரும். சாறு 120 மில்லி, சர்க்கரை 120 கிராம், குளிர்ந்த நீர் 700 மில்லி. சர்க்கரையை மட்டும் தனியாக 120 மில்லி நீரில் சூடாக்கி, கரைந்ததும் இறக்கிவிடுங்கள். பாகுப் பதம் வேண்டாம். நன்றாக ஆறிய பிறகே சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் மணம் ஆவியாகி, வெந்த வாடை வந்துவிடும். ஐஸ் போடுவதானால் நீரில் 100 மில்லி குறையுங்கள். குளிர்ந்தால் இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால், ருசி பார்ப்பது குளிர்ந்த பிறகுதான்.

கேள்வி: புதினா அரைத்துச் சேர்த்தால் ஜூஸ் பழுப்பாகிவிடுகிறதே?

பதில்: இலையின் பச்சை நிறம் புளிப்பில் நிற்காது. புதினாவிலிருந்து நமக்கு வேண்டியது மணம். பத்துப் பன்னிரண்டு இலைகளைக் கையால் கசக்கி, மேலே சொன்ன சர்க்கரைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டு மூடி, இருபது நிமிடத்தில் வடிகட்டுங்கள். நிறமும் வேண்டுமென்றால் ஆறிய சர்க்கரைத் தண்ணீரோடு அரைத்து, பரிமாறும் நேரத்தில் சேருங்கள்.

இஞ்சியென்றால் லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சாறு போதும். அதைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உப்பு சோடாவில் உப்பைப் போட்டதும் பொங்கி வழிகிறது. பிறகு குடித்தால் கேஸே இல்லை.

பதில்: உப்புக் கல்லைப் பற்றிக்கொண்டு சோடாவின் கேஸ் குமிழ் குமிழாக வெளியேறிவிடுகிறது. உப்பை முதலில் எலுமிச்சைச் சாற்றில் முழுதாகக் கரைத்துவிடுங்கள். 200 மில்லி சோடாவுக்கு 20 முதல் 25 மில்லி சாறு, கால் டீஸ்பூனுக்கும் குறைவாக உப்பு. சோடா நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான சோடாவில் கேஸ் தங்காது. டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, கரண்டியை ஒரே ஒரு சுற்று சுற்றினால் போதும்.

கேள்வி: மொத்தமாகப் போட்டு எத்தனை நாள் வைக்கலாம்? எந்தப் பாத்திரம் நல்லது?

பதில்: கலந்த ஜூஸை அன்றைக்கே குடித்துவிடுங்கள். விருந்தினர் வருகிறார்கள் என்றால் சர்க்கரைத் தண்ணீரை முதல் நாளே காய்ச்சி ஃபிரிட்ஜில் வையுங்கள். சாற்றை மட்டும் அந்த நேரத்தில் பிழியுங்கள். பழம் மலிந்து கிடந்தால் சாற்றை வடிகட்டி, ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைக்கலாம். கண்ணாடி, எவர்சில்வர் இரண்டும் நல்லவை. அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றிலும் எலுமிச்சைச் சாற்றை வைக்கவே கூடாது; புளிப்பு உலோகத்தை அரித்துச் சாற்றில் கலந்துவிடும்.