சாரலில் நமத்த தீப்பெட்டி

கேள்வி: தென்காசியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஆனி, ஆடி சாரலில் தீப்பெட்டி பற்றவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். குற்றம் குச்சியிலா, பெட்டியிலா? காயவைத்தால் சரியாகுமா?

பதில்: மாற்றி உரசிப் பாருங்கள். நமத்த குச்சி பத்தைப் புதுப் பெட்டியிலும், புதுக் குச்சி பத்தை நமத்த பெட்டியிலும் உரசினால் தெரிந்துவிடும்.

புதுக் குச்சியும் பற்றாவிட்டால் பெட்டியின் பக்கப்பட்டைதான் கெட்டிருக்கிறது. அதில் சிவப்பு பாஸ்பரஸ், கண்ணாடித்தூள், பசை இருக்கும். ஈரத்தில் பாஸ்பரஸ் மெல்ல அமிலமாகும். அந்த அமிலம் மேலும் ஈரத்தை இழுக்கும். விரலால் தடவினால் பிசுபிசுவென்று பழுப்பு ஒட்டும். அந்தப் பெட்டி காயவைத்தாலும் தேறாது.

குச்சிதான் நமத்ததென்றால், தலையிலுள்ள பசை இளகி, உரசும்போது மருந்து பட்டையில் இழுபடும். மருந்து உதிராமல் இருந்தால் நிழலில் பரப்பிக் காற்றாட விடுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அடுப்போரமோ தோசைக்கல்லோ வேண்டவே வேண்டாம். எரியத் தேவையான ஆக்சிஜன் மருந்துக்குள்ளேயே இருப்பதால், ஒன்று பற்றினால் மொத்தமும் பற்றும்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து 600 பெட்டி பண்டலாக எடுப்பவர்கள், பிரித்ததும் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்துச் சோதிக்கலாம். ஓரம் மட்டும் நமத்திருந்தால் பெரும்பாலும் உங்கள் கிடங்குதான் காரணம். வந்த அன்றே நடுவும் நமத்திருந்தால் ஆலையில் சரியாக உலராமல் கட்டியிருப்பார்கள், தயங்காமல் திருப்புங்கள். பண்டலைச் சுவரில் சாய்க்காமல் மரப்பலகைமேல் வையுங்கள். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பது பல கடைகளில் நடக்கும் கூத்து.

கேள்வி: மருந்து 'புஸ்' என்று எரிகிறது, குச்சி பற்றாமல் அணைகிறதே? (சங்கரன்கோவில்)

பதில்: மெழுகு போதவில்லை, அல்லது குச்சியில் ஈரம். மருந்து முக்குவதற்கு முன் குச்சி நுனியை மெழுகில் முக்குவார்கள். தலையின் தீயை மரத்துக்குக் கடத்துவது அந்த மெழுகுதான். தலைக்குக் கீழே நகத்தால் சுரண்டுங்கள். வழவழப்பே இல்லையென்றால் ஆலையின் சிக்கனம்.

கேள்வி: ஊதி அணைத்த பிறகும் நுனி கங்காகக் கனன்று பாயில் ஓட்டை போட்டுவிட்டது. (அம்பாசமுத்திரம்)

பதில்: குச்சியை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்து உலர்த்தியிருந்தால் கங்கு தங்காது. பாதி எரியவிட்டு ஊதிப் பாருங்கள். சில நொடியில் கறுத்து அடங்க வேண்டும். சிவப்பு கீழ்நோக்கி ஊர்ந்தால் அந்த ரகத்தை மாற்றுங்கள். அதுவரை எரிந்த குச்சியைக் குப்பைக்கூடையில் போடாமல் மணல் போட்ட டப்பாவில் போடுங்கள்.