கராஜ் பக்கம்: டீசல் யூ.டி.வி. யாருக்குச் சரிவரும்?

கேள்வி: மாரவிலப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோட்டம் இருக்கிறது. தேங்காய், பசளை, தண்ணீர் ஏற்றி இறக்க ஒரு யூ.டி.வி. (பின்னால் பாரப் பெட்டி வைத்த சின்ன நான்குசில்லு வேலை வண்டி) வாங்க யோசிக்கிறோம். தரகர் ஒருவர் பாவித்த குபோட்டா ஆர்.டி.வி. எக்ஸ் 900 டீசல் வண்டியைக் காட்டினார். அதே காசுக்கு இதைவிட வேகமாக ஓடும் பெற்றோல் வண்டி எடுக்கலாம் என்கிறார் மச்சான். எதை எடுப்பது?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: மச்சான் தோட்டத்துக்குள் ரேஸ் ஓடப்போகிறார் என்றால் பெற்றோலை எடுங்கள். தேங்காய் ஏற்றத்தான் என்றால் டீசல்.

எக்ஸ் 900-இல் இருப்பது 898 சீசீ, மூன்று சிலிண்டர் எஞ்சின். வலு 21.6 குதிரைவலு. பஞ்சிகாவத்தையில் சாமான் ஏற்றித் திரிகிற சின்ன லொறிக்கே இதைவிடக் கூட இருக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் வேகமும் முடிந்துவிடும். இருந்தும் வேலை வாகனத்துக்கு வேண்டியது இழுவை. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கத் தொடங்கும். ஸ்பார்க் பிளக் இல்லை, கொயில் இல்லை, ஈரம் பட்டு ‘மிஸ்’ அடிக்கும் தொல்லையும் இல்லை. டிராக்டருக்கு வாங்கி வைத்த டீசலையே ஊற்றலாம்.

நான் எஞ்சினை விட கியர் அமைப்பைத்தான் முதலில் பார்ப்பேன். பெற்றோல் யூ.டி.வி.க்களில் பெரும்பாலானவை றப்பர் பெல்ட்டில் ஓடுகின்றன. பாரத்தோடு சேற்றில் மெதுவாக ஊரும்போது பெல்ட் வழுக்கும், சூடேறும், கருகிய மணம் வரும். உங்கள் தரகர் காட்டியது ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும், பம்ப் ஒயிலை அழுத்தித் தள்ளும், அந்த ஒயில் ஒரு மோட்டரைச் சுற்றும், சில்லு உருளும். கிளச் தேயாது, பெல்ட் அறாது. பெடலிலிருந்து காலை எடுத்தாலே வேகம் இறங்கும். பாரத்தோடு சரிவில் வரும்போது அது பெரிய ஆறுதல். நிறுத்தியதும் கைப்பிரேக்கை மட்டும் மறக்க வேண்டாம். ஹைட்ரோஸ்டாட்டிக்கை நம்பிச் சரிவில் விட்டுவிட்டு இறங்கினால் வண்டி மெல்ல மெல்ல நகர்ந்துவிடும்.

இதன் உயிர் ஒயிலில் இருக்கிறது. நம் ஆட்கள் கெடுப்பதும் அங்கேதான். மிச்சம் கிடக்கிற எஞ்சின் ஒயிலை ஊற்றி ஒப்பேற்றுவார்கள். கம்பனி சொன்ன ஹைட்ரோலிக் ஒயில்தான் போக வேண்டும், பில்டரும் நேரத்துக்கு மாற வேண்டும். கிலோமீற்றர் கணக்கு இதற்கு உதவாது, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிக்கணக்கு மீற்றர் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

பாவித்த வண்டி என்றபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். விற்பவர் எப்போதும் வண்டியைக் குளிர்ச்சியாக வைத்தே காட்டுவார். தேய்ந்த ஹைட்ரோஸ்டாட்டிக் குளிரில் நன்றாகத்தான் இழுக்கும். ஒயில் சூடேறி நீர்த்த பிறகே சோர்ந்துபோகும். ஆகவே பெட்டியில் பாரம் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன்பிறகு ஒரு ஏற்றத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்க வேண்டாம். ஹைட்ரோலிக் ஒயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் முன்னால் தும்பும் காய்ந்த புல்லும் அடைத்திருந்தால் இதுவரை அதை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பழசுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் கலை நம்மவரிடம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை முழுதாகத் திறக்கவில்லையே!

பெட்டி 500 கிலோ தாங்கும். அதாவது 50 கிலோ பசளை மூட்டை பத்து. தண்ணீர் என்றால் கவனம்: 500 லீற்றர் தாங்கியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ, தாங்கியின் நிறை அதற்கு மேல். பாதி நிரப்பினால் உள்ளே அலைந்து வளைவில் வண்டியைச் சாய்க்கும். சின்னத் தாங்கியாக வாங்கி முழுக்க நிரப்புங்கள்.

கேள்வி: வத்தளையில் பூக்கன்று நாற்றுமேடை வைத்திருக்கிறேன், அரை ஏக்கர். மழை பெய்தால் சதுப்பாகிவிடும். போர் வீல் டிரைவ் டீசல் யூ.டி.வி. உதவுமா?
– வத்தளை வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி. இந்த வண்டிகள் வெறுமையாகவே ஒரு டன்னை நெருங்கும். நான்கு சில்லும் சுற்றும்தான், டிப்ரென்ஷல் லொக் போட்டால் பின்சில்லு இரண்டும் சேர்ந்து சுற்றும்தான். அடியில் கெட்டி மண் இல்லாவிட்டால் நான்கும் சேர்ந்து புதையும். அந்தக் காசில் பாதைக்குக் கல் போட்டு, நல்ல கைவண்டி இரண்டு வாங்குங்கள், மிச்சமும் வரும்.

கேள்வி: யூ.டி.வி.யை நீர்கொழும்பு வீதியில் ஓட்டலாமா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: இது வேலைத்தளத்துக்குள் ஓடச் செய்த வண்டி. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியைப் பதிய முடியுமா என்று நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவரின் வாய்வார்த்தையைப் பொலிஸாரிடம் காட்ட முடியாது.

கேள்வி: அண்ணன் ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கிறார். யூ.டி.வி.யின் பின்பெட்டியில் கொழுந்து பறிக்கும் ஆறு பேரை ஏற்றலாமா என்று கேட்கிறார்.
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: கூடாது. அது ஹைட்ரோலிக்கில் கவிழ்கிற பெட்டி. இருக்கை இல்லை, பெல்ட் இல்லை. வண்டி புரண்டால் மேலே உள்ள இரும்புக் கூடு இருக்கையில் பெல்ட் போட்டவரைத்தான் காக்கும். மலைநாட்டில் டிராக்டர் பெட்டியில் ஆட்களை அள்ளிப் போகிறார்களே என்பார் அண்ணன். அதுவும் எனக்குப் பிடிக்காத வழக்கம். ஆட்களை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் நான்கு இருக்கை போடக்கூடிய குபோட்டா ஆர்.டி.வி. எக்ஸ் 1140 மாதிரி வண்டியைப் பார்க்கலாம், அதில் 1,123 சீசீ எஞ்சின். சாரதியோடு நான்கு பேர். ஆறு பேரையும் கொண்டுபோக இரண்டு நடை ஓட வேண்டியதுதான்.