டாக்டரிடம் கேளுங்கள்: எண்டாஸ்கோபி யாருக்கு, எப்போது?

கேள்வி: என் மனைவிக்கு 47 வயது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். பத்து மாதமாக கேஸ் தொல்லை. மேல் வயிறு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. மெடிக்கலில் வாங்கும் கேஸ் மாத்திரையைப் போட்டால் அடங்கும், விட்டால் மறுபடி வரும். முட்டி வலிக்காகவும் தினமும் மாத்திரை போடுகிறார். இரண்டு மாதமாகச் சோற்றுக் கவளம் நெஞ்சில் நிற்கிறது, ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துவிட்டது. மலையிறங்கிக் கீழே போய், வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டாஸ்கோபி செய்யச் சொல்கிறார் இங்குள்ள டாக்டர். குழாய் விட்டால் உயிரே போய்விடும் என்று இவர் அழுகிறார். ஸ்கேன் எடுத்தால் போதாதா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: போதாது. இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

இந்த மலையில் 26 ஆண்டுகளாக வைத்தியம் பார்க்கிறேன். நெஞ்சு எரிந்தாலும் கேஸ், ஏப்பம் வந்தாலும் கேஸ், மாரடைப்பே வந்தாலும் கேஸ் என்றுதான் இங்கே சொல்கிறார்கள். நீங்களும் எரிச்சலைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கவளம் நிற்பதையும் ஜாக்கெட் தொளதொளத்ததையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ஓயாத வாந்தி, காரணம் பிடிபடாத ரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தாலே உள்ளே பார்த்தாக வேண்டும். உங்கள் மனைவிக்கு இரண்டு இருக்கின்றன.

வலி மாத்திரையால் வந்த புண்ணாக இருக்கலாம். தினமும் போடும் முட்டி வலி மாத்திரைகள் பல, இரைப்பையின் உட்சுவரை அரிக்கும். உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம், அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் புற்றுப் புண்ணின் எரிச்சல்கூடச் சில காலம் அடங்கிக் கிடக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு தேயிலைத் தொழிலாளிக்கு நானே நான்கு மாதம் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது மாதம்தான் கீழே அனுப்பினேன். காலம் கடந்துவிட்டது. அவருடைய மகள் இன்றும் தன் பிள்ளைகளை என்னிடம்தான் அழைத்து வருகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நான்கு மாதம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஸ்கேன் கல்லீரலைக் காட்டும், பித்தப்பைக் கல்லைக் காட்டும். இரைப்பையோ காற்று அடைத்த பை. ஸ்கேனின் ஒலியலை காற்றைத் தாண்டாது. உட்சுவரில் இருக்கும் சிறு புண்ணை நேரில்தான் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் துளி சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பவும் வேண்டும். கிள்ளுவது வலிக்காது.

இனி வருவதை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, நானும் அந்த மேசையில் படுத்திருக்கிறேன். ஊசி போட்டு அரைத் தூக்கத்திலும் செய்வார்கள். நான் வேண்டாம் என்றேன். தொண்டையில் மருந்து அடித்தார்கள், நல்ல கசப்பு. சிறிது நேரத்தில் எச்சில் விழுங்குவதே தெரியவில்லை, நாக்கின் அடியில் தடித்த துணியை வைத்ததுபோல் இருந்தது. இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கிடையில் ஒரு வளையத்தைக் கொடுத்தார்கள். குழாய் உங்கள் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும், வளைந்து கொடுக்கும், நுனியில் கேமரா. தொண்டையைத் தாண்டும் நொடியில் குமட்டியது. இரண்டு முறை ஓங்கரித்தேன், கண்ணில் நீர் வழிந்தது. அது உணவுக்குழாயில்தான் போகிறது. மூச்சுக்குழாய் வேறு, ஆகவே மூச்சு அடைக்காது. மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள், எச்சிலை விழுங்காமல் வழிய விடுங்கள். காற்று செலுத்துவதால் வயிறு உப்பும், ஏப்பம் வரும், கூச்சப்பட வேண்டாம். நர்ஸ் என் தோளைப் பிடித்தபடியே இருந்தார். திரையில் என் இரைப்பை தெரிந்தது, ஈரமான இளஞ்சிவப்பு மடிப்புகளாக. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ரத்தக்கசிவு, குடலில் துளை விழுவது போன்ற ஆபத்துகள் மிக மிக அரிது.

பரிசோதனைக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் உணவு கூடாது. கோத்தகிரியிலிருந்து வெறும் வயிற்றில் அத்தனை வளைவு இறங்கினால் பாதிப் பேருக்குப் பஸ்ஸிலேயே தலை சுற்றும். முதல் நாள் மாலையே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தப் பரிசோதனை உண்டு. பழைய சீட்டுகளோடு, போட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ போடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். முடிந்த பிறகு தொண்டை மரமரப்பு போகும்வரை தண்ணீர்கூட வேண்டாம். தூக்க ஊசி போட்டிருந்தால் அன்றைக்கு யாராவது கூடவே இருக்க வேண்டும். மறுநாள்வரை வண்டி ஓட்டுவதும் கத்தரியால் கொழுந்து வெட்டுவதும் கூடாது.

ஹெலிகோபாக்டர் என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி உண்டானதை எண்டாஸ்கோபியில் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தினால்தான் கிருமி சரியாகத் தெரியும். ஆனால் உங்கள் மனைவி அதற்காக நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வயது 24. குன்னூரில் பேக்கரியில் வேலை. கடையை மூடிவிட்டுப் பதினொரு மணிக்கு வர்க்கியும் பாலும் டீயும் சாப்பிட்டு உடனே படுப்பேன். மூன்று வாரமாக இரவில் நெஞ்சு கரிக்கிறது. எதற்கும் ஒரு எண்டாஸ்கோபி பார்த்துவிடட்டுமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: இப்போது தேவையில்லை தம்பி. மேலே சொன்ன அறிகுறி எதுவும் உங்களுக்கு இல்லை. பதினொரு மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள், தலைமாட்டை உயர்த்துங்கள். டாக்டர் சொல்லும் மாத்திரையை நான்கு வாரம் ஒழுங்காகப் போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பார்க்கலாம். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் மட்டும் சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே இ.சி.ஜி. எடுங்கள்.

கேள்வி: வயது 63. இதயத்துக்கு ஆஸ்பிரின், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு நாளாக மலம் கறுப்பாகப் போகிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து மேடேறினால் கண் இருட்டுகிறது. இரும்புச்சத்து மாத்திரையால்தானே?
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத கடிதம் இது. வந்த அன்றே ஆசிரியர் குழுவினர் இவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். ஒட்டுகிறதா, தார் போல் மினுங்குகிறதா, வழக்கத்தில் இல்லாத நாற்றம் வீசுகிறதா என்று கேட்டேன். மூன்றுக்கும் ஆம் என்றார். அது மேல் வயிற்றிலிருந்து கசியும் ரத்தம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவமனையில் இதய டாக்டரோடு பேசி முடிவெடுப்பார்கள் என்று சொல்லி, அந்த நிமிடமே கிளம்பச் செய்தேன்.

மருத்துவமனையில் எண்டாஸ்கோபி செய்தார்கள். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பார்த்த அதே குழாய் வழியாகவே மருந்து செலுத்தி, சின்ன உலோகக் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரை தொடர்கிறது. கறுப்பாகப் போனால் இனி ஒட்டுகிறதா என்றும் பார்ப்பேன் டாக்டர் என்றார். தன் கடிதத்தை அப்படியே வெளியிடச் சொன்னவரும் அவர்தான்.