படப்பும் சிகாகோவும்

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகன் நிலக்காட்சி வரைகிறான். முட்டம், மணவாளக்குறிச்சி, தோவாளை என்று கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்து வரைவான். கிட்ட நின்று பார்த்தால் சாயத் திட்டுகள்தான். நாலடி தள்ளி நின்றால் கடல். நாகர்கோவிலில் காட்சிக்கு வைத்தபோது ஒரு படமும் போகவில்லை. "இத எவம்ல காசு குடுத்து வாங்குவான்?" என்கிறார் அவன் அப்பா. பெங்களூரில் ஒருவர் ஜெர்மனியில் விற்றுத் தருகிறேன் என்கிறார். ஆனால் படகுவீடும் காயலும் வேண்டுமாம். இப்படித் திட்டுத் திட்டாக வரைந்த பிரெஞ்சு இம்ப்ரஷனிஸ்டுகளையே அமெரிக்காதானே காப்பாற்றியது, கேட்பதை வரைந்து கொடுத்தால் என்ன என்பது என் எண்ணம். அவனோ பி.எட். படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் வரையப் போகிறானாம். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

அமெரிக்கா காப்பாற்றியது உண்மை. 1874-இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கேலி. 1886-இல் பால் தூரான்-ரூயெல் என்ற வியாபாரி சுமார் 300 படங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அதற்கு நாலு வருஷம் முன்பு பாரிஸில் ஒரு வங்கி கவிழ்ந்ததில் மனிதர் கிட்டத்தட்ட மூழ்கியிருந்தார். கையில் காசு இருந்த காலத்தில் ஓவியர்களுக்கு முன்பணம் கொடுத்தே வாங்கியவர் அவர். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட் வேறு, பணக்காரத் தோழியிடம் இதை வாங்கு, அதை வாங்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூரதேசத்து வெற்றிக்குப் பின்னால் இப்படிச் சிலர் வேண்டும். படகுவீடு கேட்கிறவர் அந்த ரகம் இல்லை.

அமெரிக்கர்கள் வாங்கியது என்ன என்று பாருங்கள். அந்தக் கூட்டத்து ஓவியர் மோனே, பிரான்ஸில் ஜிவெர்னி என்ற ஊரில் தன் வீட்டை ஒட்டிய வயலில் நின்ற, அறுத்த கதிரை அடுக்கிய படப்புகளை வரைந்தார். காலை, அந்தி, பனி, உருகும் பனி என்று அதே படப்பு திரும்பத் திரும்ப. 1891-இல் அவற்றில் 15 படங்களை தூரான்-ரூயெல் காட்சிக்கு வைத்தார். சில நாட்களில் விற்றுத் தீர்ந்தன. சிகாகோ கலைக்கூடத்தில் இன்று அவற்றில் ஒரு வரிசையே இருக்கிறது. நியூயார்க்காரனுக்குப் பிடிக்கும் என்று மோனே எதையும் வரையவில்லை. தன் படங்கள் கடல் தாண்டிப் போவதிலேயே அவருக்கு வருத்தம்தான்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த சங்கப்பாடல் மரபு நம்முடையது. ஆனால் அதில் நிலம் தனியே நிற்காது. காத்திருக்கும் ஒரு பெண்ணாவது நடுவே வேண்டும். ஆளில்லாத வயலை எதற்குச் சுவரில் மாட்டுவது என்று உங்கள் மைத்துனர் கேட்பது அந்தப் பழக்கத்தில்தான். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஜன்னலைத் திறந்தால் வேளிமலை தெரிகிறவருக்கு வேளிமலைப் படம் எதற்கு?

ஆனால் படகுவீடு ஆலப்புழைச் சரக்கு. அதை வரைய அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் வரைய என்ன குறை? மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட் தாதுவின் கறுப்பும் கார்னெட் தாதுவின் சிவப்பும் கலந்து கிடக்கிறது மணல். அலை நனைத்துவிட்டுப் போனதும் அது என்ன நிறம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேகத்தை விரட்ட, தோவாளை வயலில் நிழல் ஓடும்; அதே நேரம் மேற்கே குலசேகரத்தில் மழை கொட்டும். இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது. ஒரே இடத்தை ஆனியிலும் ஐப்பசியிலும் வரையச் சொல்லுங்கள். பெங்களூர்க்காரரிடம் அதைக் காட்டட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

பி.எட். விஷயத்தில் நான் அப்பா பக்கம். நியூயார்க் போன அந்த 300-இல் ஆல்ஃப்ரெட் சிஸ்லியின் படங்களும் இருந்தன. வாழ்நாள் முழுக்க ஆறும் வெள்ளமும் வானமும் வரைந்த அபாரமான ஓவியர், 1899-இல் வறுமையில் செத்தார். மறுவருஷமே அவருடைய வெள்ளக்காட்சி ஒன்று 43,000 பிராங்குக்குப் போயிற்று. பையன் படிப்பை முடிக்கட்டும். பள்ளிக்கூட வேலைக்குக் கோடை விடுமுறை உண்டு, சனி ஞாயிறு உண்டு. சாயத்துக்கும் கேன்வாஸுக்கும் அப்பாவிடம் கைநீட்டவும் வேண்டியிருக்காது.