சொகுசுக் கப்பல்களில் தனிக் கட்டணம் வாங்கும் ஸ்பெஷாலிட்டி உணவகங்கள் அந்தப் பணத்துக்குத் தகுமா?

சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம், நீங்களும் கணவரும், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர், கூடவே சுத்த சைவமான மாமியார். பயணக் கட்டணத்திலேயே எல்லா வேளைச் சாப்பாடும் அடங்கியிருக்கும்போது தனிப் பணம் வாங்கும் உணவகங்களுக்குப் போவது தண்டச் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் உங்களுக்காக ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். மாமியாருக்காக ஒரு வேளைக்கும் கொடுக்க வேண்டாம். எல்லா இரவுகளுக்கும் சேர்த்து விற்கப்படும் பேக்கேஜை நான்கு இரவுப் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கப்பலுக்குக் கப்பல் உணவகத்தின் பெயர்தான் மாறுகிறதே தவிர காரணங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

கணக்கிலிருந்து தொடங்குவோம். கப்பலில் தனிக் கட்டண உணவகம் என்பது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. 1905இல் ஓடத் தொடங்கிய ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மானியக் கப்பலிலேயே ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஓர் உணவகம் இருந்தது. வசதியுள்ளவர்கள் வேண்டியதை வேண்டிய நேரத்தில் தனி விலை கொடுத்து அங்கே சாப்பிட்டார்கள். 1912இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று அப்படியோர் உணவகம் இருந்தது. லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் அதை நடத்தினார். அன்றைய ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது: பொது உணவுக்கூடச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் பயணச்சீட்டு எடுத்தவருக்குக் கட்டணத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொடுத்தார்கள். இன்றைய பெரிய கப்பல்களில் அந்தக் கழிவு கிடையாது. பொது உணவுக்கூடத்தில் உங்களுக்கான நாற்காலிக்கும் தட்டுக்கும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். தனிக் கட்டண உணவகத்தில் கொடுப்பது அதற்கு மேல். ஆகவே அறுபது டாலர் ஸ்டீக்கை, அதாவது வாட்டிய மாட்டிறைச்சித் துண்டை, ஊரிலுள்ள அறுபது டாலர் ஸ்டீக்கோடு ஒப்பிட்டு விலை சரிதான் என்று சமாதானம் அடைவது தவறான கணக்கு. அந்த ஸ்டீக் இலவசச் சாப்பாட்டைவிட அறுபது டாலர் அளவுக்கு மேலானதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அறுபது என்பதும் அறுபதோடு நிற்பதில்லை. ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் 18 சதவீதம் டிப்ஸ் தானாகவே சேரும். 60 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 70 டாலர் 80 சென்ட், பெரியவர்கள் மூவருக்கு 212 டாலருக்கு மேல் ஆகிவிடுகிறது. பானங்கள் தனி, உலர்பதம் செய்த இறைச்சியோ முழு சிங்க இறாலோ கேட்டால் அதற்கும் தனி. நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் டிப்ஸ், நீங்கள் பொது உணவுக்கூடத்துக்குப் போகாத நாளிலும் குறைவதில்லை. அந்த நிறுவனத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு பயணச்சீட்டு விற்பனைக்கு அப்பால், மது, சூதாட்டம், கரைச்சுற்றுலா, தனிக் கட்டண உணவு முதலியவற்றிலிருந்து வருகிறது. கப்பலேறிய முதல் பிற்பகலே உணவக ஊழியர்கள் நடைவழியில் மேசை போட்டுக்கொண்டு உங்களை அழைப்பது சும்மா அன்று.

இனி அந்தப் பணம் எதை வாங்குகிறது என்று பார்ப்போம். பொருள்களின் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓரளவுக்குத்தான் உண்மை; பெரும்பகுதி நேரமும் தூரமும்தான். பொது உணவுக்கூடம் ஒரே வேளையில் ஆயிரம் பேருக்கு மேல் சாப்பாடு போடும் இடம். மாலைப் பந்தியில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்கிறார்கள். எனவே இறைச்சியும் மீனும் முன்கூட்டியே பாதி வெந்து, வரிசையில் காத்திருந்து, கடைசியில் சூடேறி வெளியே வருகின்றன. பரிமாறுபவர் பத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை மூடி போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தத் தட்டத்தைத் தோளில் தாங்கி, சமையற்கூடத்திலிருந்து மேல்தளத்துக்கு எஸ்கலேட்டரில் வருவதைச் சமையற்கூடச் சுற்றுலா போனால் நீங்களே காணலாம். உங்கள் முன் மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்திலிருந்து நீர் சொட்டும். மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய மீன்தோல் அந்த ஆவியிலேயே நனைந்து துவண்டிருக்கும். இதைச் சமையற்காரரின் குறை என்று சொல்ல முடியாது. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாணப் பந்தியில் சாம்பாரும் கூட்டும் அமிர்தமாக இருக்கலாம், ஆனால் தோசை மட்டும் கல்லிலிருந்து இறங்கிய தோசையாக இலைக்கு வந்து சேராது.

தனிக் கட்டண உணவகத்தில் நூறு, நூற்றைம்பது பேருக்குத்தான் இடம். அடுப்பு சில அடி தூரத்தில். நீங்கள் சொன்ன பிறகுதான் இறைச்சி அடுப்பில் ஏறுகிறது. ஆகவே ஓர் எளிய சோதனை போதும்: காத்திருந்தால் கெட்டுப்போகும் உணவா, காத்திருந்தாலும் தாங்கும் உணவா? வாட்டிய இறைச்சி, தோலோடு பொரித்த மீன், கண்ணெதிரே இரும்புத் தட்டில் வதக்கித் தரும் தெப்பன்யாக்கி, அப்போதே உருட்டித் தரும் சுஷி ஆகியவை முதல் வகை. ராயல் கரீபியனின் சாப்ஸ் கிரில் என்ற ஸ்டீக் உணவகம், இசூமி என்ற ஜப்பானிய உணவகம் போன்றவற்றில் பணத்துக்கு உரியது கிடைத்தது என்று மக்கள் சொல்வதன் காரணம் இதுதான். பாஸ்தா, குழம்பு வகைகள், நெடுநேரம் மெதுவாக வெந்த இறைச்சி, சூப், இனிப்புகள் இரண்டாம் வகை. இத்தாலிய உணவகத்துக்குத் தனிப் பணம் கொடுத்து லசான்யா சாப்பிடுவதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. அது பொது உணவுக்கூடத்திலும் நன்றாகவே இருக்கும்.

சீன உணவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. தீ விபத்து அச்சத்தால் பயணிகள் கப்பலின் சமையற்கூடங்களில் பொதுவாக எரிவாயு அடுப்போ திறந்த தழலோ வைப்பதில்லை. எல்லாம் மின்சாரமும் நீராவியும்தான். சீன வாணலியின் ருசியோ, அடியிலிருந்து பக்கவாட்டில் ஏறி எரியும் தழலில் இருக்கிறது. அது இல்லாமல் வதக்கிய நூடுல்ஸை, அதுவும் சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டர்களில் சாப்பிட்டுப் பழகிய நாக்கோடு, தனி விலை கொடுத்து உண்பானேன்? ஹாட்பாட் மட்டும் விதிவிலக்கு. கொதிக்கும் சாறு உங்கள் மேசைமேலேயே இருப்பதால் கப்பலின் குறை அதைத் தொடுவதில்லை.

மாமியாருக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னதற்கு வருகிறேன். ஸ்டீக் உணவகங்கள் பலவற்றில் தலைக்கு ஒரே கட்டணம். அந்தத் தொகை மாட்டிறைச்சியின் விலையையும் கடலுணவின் விலையையும் மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டது. சைவர் ஒருவர் அதே தொகையைக் கொடுத்துவிட்டு, ஒரு சாலட், ஒரு காளான் வறுவல், உருளைக்கிழங்கு, மெனுவின் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு காய்கறி உணவு ஆகியவற்றோடு எழுந்துவர வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாத அசைவர்களுக்கும் இதில் பாதி நட்டம் உண்டு என்பதை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கோழிக்காக ஸ்டீக் உணவகத்துக்குப் போவது பணத்துக்குக் கேடு. உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி வழக்கமில்லை என்றால் மீனும் கடலுணவும் சிறந்த உணவகத்தையோ தெப்பன்யாக்கியையோ பாருங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் பொது உணவுக்கூடத்திலோ நிலைமை நேர்மாறு. ராயல் கரீபியன் கப்பல்களில் ஒவ்வோர் இரவும் இந்தியச் சைவ உணவு கேட்டால் கிடைக்கும். மெனுவில் அச்சாகாத நாளிலும் கிடைக்கும். கப்பல்களில் கோவா, மும்பை, கேரளம் என்று நம் நாட்டவர் ஏராளமானோர் வேலை செய்கிறார்கள். முதல் இரவே மேசைத் தலைமைப் பணியாளரிடம் சொல்லி வைத்தால், மறுநாள் பருப்பு, இரண்டு காய்கறி, சப்பாத்தி, சோறு, ஊறுகாய், தயிர் என்று ஒரு தனி உலகமே மேசைக்கு வந்துவிடும். பக்கத்து மேசை அமெரிக்கர் தம் தட்டிலிருந்த மீனை மறந்துவிட்டு அதையே எட்டிப் பார்த்து, எனக்கும் நாளைக்கு அது கிடைக்குமா என்று விசாரித்ததை நான் கண்டிருக்கிறேன். அச்சிட்ட உணவுப் பட்டியலில் இல்லாத இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து செல்லும் ஜென்டிங் ட்ரீம் போன்ற கப்பல்களில் இந்தியச் சைவத்துக்கும் ஹலாலுக்கும் தனி ஏற்பாடே உண்டு.

பிள்ளைகளைக் கருதினால், சாப்பாட்டைவிடக் காட்சிக்காக நடத்தப்படும் உணவகங்கள் சில இருக்கின்றன. ராயல் கரீபியனின் வொண்டர்லேண்டில் வெற்றுத்தாள் போன்ற மெனுவைக் கொடுத்து, கூடவே ஒரு தூரிகையும் தண்ணீரும் வைப்பார்கள். ஈரத் தூரிகையால் தடவத் தடவ உணவுப் பெயர்கள் எழும்பி வரும். செலிப்ரிட்டி என்ற நிறுவனத்தின் கப்பல்களில் நடக்கும் ‘லு பெத்தி ஷெஃப்’ நிகழ்ச்சியில், மேலிருந்து வீழும் ஒளிப்படத்தில் விரலளவுச் சமையற்காரன் ஒருவன் உங்கள் தட்டின்மீதே ஓடியாடிச் சமைப்பான். அவன் சமைத்து முடித்ததும் உண்மையான உணவு வரும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் இவற்றைச் சினிமா டிக்கெட் என்ற தலைப்பில் வரவுசெலவில் எழுதுங்கள், சாப்பாடு என்று எழுதாதீர்கள். வொண்டர்லேண்டின் விசித்திரமான உணவுகளைப் பிள்ளைகள் தொடாமல், கடைசியில் இரவு பஃபேயில் பீட்சா தேடி அலையும் வாய்ப்பே அதிகம். தெப்பன்யாக்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வித்தையும் உண்டு, சாப்பிடக்கூடிய சோறும் உண்டு. சிறுவர் கட்டணம் பெரும்பாலும் மிகக் குறைவு. ராயல் கரீபியனில் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 15 டாலர் அளவில்தான் வாங்குகிறார்கள், அதற்குக் கீழே இலவசம்.

பேக்கேஜ் பற்றி. ஏழு இரவு கரீபியன் பயணத்தில், பெரிய கப்பலில், ஒவ்வோர் இரவும் வேறுவேறு உணவகத்தில் இறைச்சியும் மீனும் சாப்பிடும் தம்பதிக்கு அது லாபமாக அமையலாம். நான்கு இரவுப் பயணத்தில் அதன் கணக்கு நிற்பதில்லை. முதல் இரவு களைப்பு, ஓர் இரவு கரையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவது, ஓர் இரவு அரங்க நிகழ்ச்சி என்று கழித்தால் மிஞ்சுவது என்ன? தனிக் கட்டண இரவுணவு இரண்டு மணி நேரம் எடுக்கும். நிகழ்ச்சி நேரத்தோடு மோதும். பேக்கேஜ் வாங்கியவர்களுக்கு நல்ல நேரங்கள் கிடைப்பதும் உறுதியில்லை, சில உணவகங்களில் வரம்பற்ற உணவு என்பது ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்குமான வரவாகச் சுருங்கியும் விடுகிறது. பணம் கட்டியாயிற்றே என்று பசியில்லாத வயிற்றோடு போய் உட்காரும் கொடுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு கணக்கில் ஓடும் கப்பல்களும் உண்டு. ஓஷியானியா, வைக்கிங், விர்ஜின் வாயேஜஸ் ஆகிய நிறுவனங்களின் கப்பல்களில் இத்தகைய உணவகங்களின் கட்டணம் பயணச்சீட்டிலேயே அடங்கிவிடுகிறது. அங்கே போகாமல் இருப்பதுதான் நட்டம். நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல்களில் பல சலுகைத் திட்டங்களோடு சில வேளைகள் சேர்ந்தே வரும், ஆனால் அவற்றுக்கும் சேவைக் கட்டணம் தனியாக வரக்கூடும் என்பதால் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டே ஏற வேண்டும். டிஸ்னி கப்பல்களின் பாலோ, ரெமி என்ற தனிக் கட்டண உணவகங்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கு மட்டுமானவை.

உங்கள் பயணத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. கப்பல் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாளில் மதியம் திறக்கும் தனிக் கட்டண உணவகம் இருக்கிறதா என்று பாருங்கள். அதே அடுப்பு, அதே பணியாளர்கள், இரவு விலையில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும்; கூட்டமும் குறைவு. புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் பதிந்தால் கப்பலில் கேட்கும் விலையைவிடக் குறைவாகக் கிடைப்பது வழக்கம். பதிந்த பிறகு விலை இறங்கினால் ரத்து செய்துவிட்டு மீண்டும் பதியலாம். இரவுதான் வேண்டும் என்றால், இரவு பத்து மணி வரை கட்டணமின்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் மன்றத்தில் அவர்களை விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போங்கள். மாமியாரின் சைவத் தேவையை, வெங்காயம் பூண்டு விலக்கு உண்டென்றால் அதையும் சேர்த்து, பயண முன்பதிவிலேயே எழுத்தில் பதிந்துவிடுங்கள். கப்பலேறிய அன்று பொது உணவுக்கூடத்தில் அவரை அழைத்துப்போய் தலைமைப் பணியாளரிடம் நேரில் அறிமுகம் செய்துவைத்து, மறுநாள் என்ன வேண்டும் என்பதை ஒவ்வோர் இரவும் எழுந்து வரும் முன்பே அவரையே சொல்லச் சொல்லுங்கள்.