மாட்டுத் தோலா, மீன் செதிலா? கொலாஜன் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: கொலாஜன் பவுடர் டப்பா ஒன்றில் 'போவைன்' என்றும் இன்னொன்றில் 'மரைன்' என்றும் போட்டிருக்கிறது. மீனில் எடுப்பதுதான் உசத்தி என்கிறார்கள். அப்படியா?

பதில்: போவைன் என்றால் மாட்டுத் தோல், எலும்பு. மரைன் என்றால் மீனின் தோலும் செதிலும், அதிலும் நன்னீர் மீனான திலாப்பியாவுடையதுகூடப் பல நேரம் மரைன் என்றே விற்கப்படுகிறது. இரண்டிலும் பெரும்பங்கு முதல் வகைக் கொலாஜன்தான், நம் தோலிலும் எலும்பிலும் நிறைந்திருப்பதும் அதுவே. மூன்று புரத இழைகளைக் கயிறு மாதிரி முறுக்கிவிட்ட அமைப்பு அது. சூடுபடுத்தினால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது, அதை நொதி போட்டுத் துண்டு துண்டாக நறுக்கினால் நீங்கள் கேட்கும் பவுடர். குடலுக்குப் போனதும் அந்தத் துண்டுகள் இன்னும் சிறிதாகிவிடுகின்றன, அப்புறம் அது எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்பதால் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மரைன் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தோல் மினுமினுப்பாகும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பணம் போட்டது தயாரிப்பாளர்களே.

வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். எலும்பை நீண்ட நேரம் வேகவைத்த சூப் ஆறியதும் கிண்ணத்தில் தளதளவென்று உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காட் போன்ற குளிர்கடல் மீனின் ஜெலட்டின் அப்படி வெளியே உறையாது, ஃபிரிட்ஜில் வைத்தால்தான் உறையும். குளிர்ந்த நீரில் வாழும் மீனுக்கு முறுக்கை இறுக்கிப் பிடிக்கும் அமினோ அமிலங்கள் குறைவு, அதுதான் காரணம். மிட்டாய், மாத்திரை உறை செய்பவர்களுக்கு இது முக்கியம், பவுடரைக் கரைத்துக் குடிப்பவருக்கு இல்லை. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மரைன் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: நான் சைவம். தாவரக் கொலாஜன் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: எந்தச் செடியிலும் கொலாஜன் கிடையாது. அந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் சி, சில அமினோ அமிலங்கள், தாவரச் சாறுகள். உங்கள் உடம்பு சாப்பிடும் புரதத்திலிருந்து தானே கொலாஜன் செய்துகொள்கிறது, அதற்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் முறுக்கு நிலைக்காமல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பிக்கும், ஸ்கர்வி என்பது அதுதான். இன்னொன்று, டப்பாவை மட்டும் பார்த்தால் போதாது. கேப்சூல் ஒன்றை ஈரக் கையால் பிடித்துப் பாருங்கள், விரலில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது என்றால் அது ஜெலட்டின் உறையாக இருக்கலாம், அதாவது பெரும்பாலும் மாடு அல்லது பன்றி. செடியிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் உறை என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிராணி என்று லேபிளில் தெளிவாகப் போடாததை நான் மன்னிக்க மாட்டேன், சாப்பிடுபவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

கேள்வி: கொலாஜன் கிரீம்?

பதில்: முழுக் கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் போக முடியாத அளவு பெரியது. மேலே படிந்து ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மீன் தோலைத் தீக்காயத்தில் ஒட்டுகிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் மருத்துவர்கள் திலாப்பியா தோலைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, தீக்காயத்தின் மேல் போட்டார்கள். கொலாஜன் நிறைந்த அந்தத் தோல் புண்ணோடு நன்றாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைக் காக்கிறது, பல நாள் அப்படியே இருக்கிறது. தினமும் கட்டைப் பிரிக்கும்போது சதையோடு பிய்ந்துவரும் வலியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். ஐஸ்லாந்தில் காட் மீன் தோலையும் இப்படிப் புண்ணுக்குப் பயன்படுத்தத் தயாரிக்கிறார்கள். ஆடு, மாட்டுக் குடலில் செய்த தையல் நூல் உடம்புக்குள் தானே கரைந்துபோவதும் இதே கொலாஜனால்தான். மீனை வெட்டிச் சதையை எடுத்த பிறகு குப்பைக்குப் போகும் தோலும் செதிலும் அழகுப் பவுடருக்குப் போவதைவிட இந்தப் பக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை.