தேனீ கொட்டிக் கை வீங்கினால் அது அலர்ஜியா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மாமரம், முருங்கை எல்லாம் பூத்திருக்கின்றன. போன வாரம் என் ஏழு வயது மகனுக்குப் புறங்கையில் தேனீ கொட்டிவிட்டது. மாமியார் உடனே சுண்ணாம்பு தடவினார். மறுநாள் முழங்கை வரை வீங்கிச் சிவந்து, அரிப்பு தாங்காமல் அழுதான். இப்போது வற்றிவிட்டது. இது அலர்ஜியா? இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கு ஆபத்தா? மாமரத்தில் இருக்கும் கூட்டைக் கொளுத்திவிடலாமா?

பதில்: உங்கள் மகனுக்கு வந்தது பயப்படும்படியான அலர்ஜி இல்லை. கொட்டிய இடத்தைச் சுற்றிப் பெரிதாக வீங்குவது சிலருக்கு நடப்பதுதான். பெரும்பாலும் இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும். இப்படி வீங்கியவர்களில் அடுத்த முறை உடம்பு முழுக்க அலர்ஜி வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது கொட்டாத இடங்களை. கையில் கொட்டியிருக்க, வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு எழும்புகிறதா? உதடு, நாக்கு வீங்குகிறதா? குரல் கம்முகிறதா, மூச்சு இரைக்கிறதா, வாந்தி எடுக்கிறானா, தலை சுற்றித் துவண்டு விழுகிறானா? இவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரவைக்கலாம். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மிகப் பெரிய ஆபத்து.

சரி, சாதாரணமாகக் கொட்டினால்? தேனீ தன் கொடுக்கைத் தோலிலேயே விட்டுவிட்டுப் போகும். உற்றுப் பார்த்தால் கறுப்பு முள்ளும், அதன் தலையில் ஒட்டிய சின்ன விஷப்பையும் தெரியும். தேனீ போன பிறகும் அந்தப் பை துடித்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். முக்கால்வாசி விஷம் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதனால் இடுக்கி தேடி ஓடாதீர்கள். நகத்தாலேயே சட்டென்று வழித்துவிடுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

கொட்டிய இடத்திலேயே நிற்கவும் கூடாது. விஷத்தோடு பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை வெளியாகும்; மற்ற தேனீக்களுக்கு அது தாக்கச் சொல்லும் அழைப்பு. வீட்டுக்குள் வந்து சோப்பு போட்டுக் கழுவி, மோதிரம், காப்பு இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வையுங்கள். அரிப்புக்கு செட்ரிசின், வலிக்கு பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சிவப்பு விஷத்தால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. நாலைந்து நாளான பிறகு வலி கூடினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ காட்டுங்கள்.

சுண்ணாம்பு வேண்டாம். மாமியார் பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் தடவியிருப்பார், அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெற்றிலையில் கொஞ்சம் கூடினாலே வாய் வெந்துபோகிறதே, குழந்தையின் தோல் என்னாகும்?

கூட்டைக் கொளுத்தவே கூடாது. கலைந்த கூட்டம் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை துரத்தும். குழந்தைக்குப் பத்து கொட்டுக்கு மேல் பட்டால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

கிளையில் நேற்று வந்து கொத்தாகத் தொங்கும் கூட்டம் என்றால், இந்தப் பருவத்தில் வேறு இடம் தேடிப் போகும் வழியில் தங்கியிருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். உள்ளங்கை அளவு ஒற்றை அடை கட்டிய கொம்புத்தேனீயும் சாதுதான், உங்கள் மரங்கள் காய்க்க இவையும் உதவுகின்றன. உயரத்தில் முறம் போலப் பெரிதாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. கல்லெறியாமல், புகை போடாமல் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். அவர்கள் வந்து அகற்றும்வரை பையனை அந்த மரத்தடிக்கு விடாதீர்கள்.